பாதி எம்.ஏ.வும் பெரட்டுக் களத்துப் பரீட்சையும்

"படித்ததை ஒத்துக்கொள்கிறாயா?"

கங்காணி முனியாண்டி இப்படித்தான் ஆரம்பித்தார். கேட்டுவிட்டு, வெற்றிலையை ஒரு கன்னத்திலிருந்து மறு கன்னத்துக்கு மாற்றிக்கொண்டார்.

எதிரே தியாகராசன் நின்றுகொண்டிருந்தான். மெட்ராசில் தைத்த கறுப்புக் கோட்டு. முழங்கையில் எலி கடித்த ஓட்டை. சபைக்கு மரியாதையாக இடுப்பில் துண்டு கட்டச் சொல்லியிருந்தேன். கோட்டைக் கழற்ற மாட்டேன் என்று அதன் மேலேயே கட்டிக்கொண்டு வந்திருந்தான். கோட்டுக்கு மேல் துண்டு கட்டிய மனிதனை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"ஒத்துக்கொள்கிறேன்" என்றான்.

"எத்தனை காலமா இது நடக்குது?"

கூட்டம் சிரித்தது. கங்காணி சிரிக்கவில்லை. பஞ்சாயத்தில் உட்கார்ந்துவிட்டால் அவர் முகத்தில் ஈ உட்கார்ந்தாலும் ஓட்ட மாட்டார்.

சாயங்கால வெயில். எல்லைப்புற மரங்களில் ரப்பர் கொட்டைகள் பட் பட்டென்று வெடித்துத் தகரக் கூரையில் விழுந்துகொண்டிருந்தன. தொழிலாளர் குடியிருக்கும் லயத்துப் பக்கமிருந்து மரவள்ளி அவியும் வாடை. தினமும் விடியலில் பேர் கூப்பிட்டு ஆள் எண்ணும் பெரட்டுக் களத்தில், தோட்டத்து ஜனம் முழுவதும் குந்தியிருந்தது. ஓர் எம்.ஏ. பரீட்சை நடந்துகொண்டிருந்தது.

போன மாதம் ஒரு தம்பி இந்தத் தொடரைப் படித்துவிட்டு என்னைப் பார்க்க வந்தான். கோலாலம்பூரில் மேல்படிப்பு படிக்கிறானாம். என்ன படிப்பு என்றேன். "விவசாயப் பொருளாதாரம். அது உங்களுக்குப் புரியாதுங்க ஐயா" என்று மிகவும் மரியாதையாகச் சொன்னான். நான் நான்காம் வகுப்பைப் பாதியில் விட்டு ஓடியவன் என்று நானே இங்கே எழுதியிருக்கிறேன். அவன்மேல் தப்பில்லை. அந்தப் படிப்பில் ஒருத்தனுக்குப் பரீட்சையே நடத்திவைத்தவன் நான் என்பதை அவனிடம் சொல்லவில்லை. டீ குடித்துவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோட்டைப் பார்த்து வாலாட்டிய நாய்

ஜப்பான்காரன் காலம். கெடாவில், கோலா கெத்திலுக்கு உள்ளே தள்ளி ஒரு ரப்பர் தோட்டம். வெள்ளைக்காரத் துரை ஓடும்போது நாயை விட்டுவிட்டுப் போயிருந்தார். பால் மரங்களில் பாதியை வெட்டிச் சாய்த்து மரவள்ளி நட உத்தரவு. சுங்கை பட்டாணியில் பிழைப்பு கெட்டு நான் அங்கே போய்ச் சேர்ந்து, தனியாள் லயத்தில் ஓர் அறையில் கிடந்தேன்.

ஒரு நாள் மத்தியானம், தலையில் தகரப் பெட்டியும் உடம்பில் கறுப்புக் கோட்டுமாக ஒருத்தன் வந்தான். புது ஆள் யாரைக் கண்டாலும் குரைக்கும் துரையின் நாய், அந்தக் கோட்டைப் பார்த்து வாலை ஆட்டியது. பாவம், யாரோ திரும்பி வந்துவிட்டதாக நினைத்துக்கொண்டது.

அவன்தான் தியாகராசன். பண்டார் பாருவில் மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். மெட்ராசில் பி.ஏ. முடித்து, எம்.ஏ.வில் முதல் வருஷமும் முடித்து, கல்யாண நிச்சயத்துக்காக லீவில் ஊருக்கு வந்தவன். நிச்சயம் ஆயிற்று. கப்பல் நின்று போயிற்று. கடை கொள்ளை போய், தகப்பனார் சொந்தக்காரர் வீட்டில் ஒண்டிக்கொள்ள, மகன் வேலை தேடி எங்கள் தோட்டத்துக்கு வந்தான். காரணம், அவனுக்குப் பெண் கொடுப்பதாக இருந்தவர் எங்கள் தோட்டத்தில் கணக்கு எழுதும் பெரிய கிராணி ஆறுமுகம்.

நிச்சயம் பண்ணிய வீட்டில் மாப்பிள்ளை தங்கக் கூடாது. அதனால் என் அறையின் பாதி அவனுக்குப் போயிற்று.

"என்ன படிப்பு?" என்று முதல் ராத்திரியே கேட்டேன்.

"விவசாயப் பொருளாதாரம்."

"அப்ப மரவள்ளி நடத் தெரியும்."

"தெரியாது."

"பின்னே?"

"நடுறவன் ஏன் நடுறான், நடாதவன் ஏன் நடலே, அதைத்தான் படிக்கிறோம்."

"நடலேன்னா உதைப்பான். அதனால நடுறான். படிப்பு முடிஞ்சுதா?"

அவன் சிரித்தான். அன்றிலிருந்து நாங்கள் சிநேகிதம். தோட்டத்தில் அவனுக்குப் 'பாதி எம்.ஏ.' என்று பெயர் விழுந்தது. மண்வெட்டி பிடித்து உள்ளங்கை இரண்டும் கொப்புளித்துப் போயின. முனகவில்லை. அதை நான் சொல்லியாக வேண்டும்.

பிள்ளை தூக்கும் படிப்பு

கப்பல் நின்றால் என்ன, ஆராய்ச்சி நிற்கக் கூடாது என்று அவனுக்கு ஒரு பிடிவாதம். வேலை முடிந்ததும் லயம் லயமாகப் போவான். என்னையும் இழுத்துக்கொண்டு போவான். என்னைக் கண்டால்தான் கதவு திறக்கும்.

"அக்கா, சொந்தப் பாத்தியில ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வேலை செய்றீங்க?"

"நேரமா? கடிகாரத்தைத்தான் அரிசிக்குக் கொடுத்துட்டோமே, தம்பி. இந்தா, இவனைக் கொஞ்சம் பிடி, அடுப்பு அணையுது."

பிள்ளையை வாங்கிக்கொண்டு அடுத்த கேள்வியைக் கேட்பான். பிள்ளை அவன் கோட்டை நனைக்கும். வேறு வீட்டில் ஆட்டுக்கல்லைச் சுற்றச் சொல்லுவார்கள். இன்னொரு வீட்டில் கூரைத் தகரத்தைப் பிடிக்கச் சொல்லுவார்கள். மேல்படிப்பு என்றால் வீடு வீடாகப் போய்ப் பிள்ளை தூக்குவது என்றே எங்கள் பெண்கள் வெகுநாள் நம்பினார்கள்.

எழுதக் காகிதம் கிடையாது. எல்லாவற்றையும் தலைக்குள்ளேயே வைத்துக்கொண்டான். ராத்திரியில் பாயில் படுத்தபடி எனக்குச் சொல்லிச் சொல்லி மனப்பாடம் பண்ணுவான். பாதியில் நான் தூங்கிவிடுவேன். அதற்காக அவன் கோபித்ததில்லை, மெட்ராசிலும் அப்படித்தானாம்.

அச்சில் ஏறியது

கிராணி ஆறுமுகம் நல்ல மனிதர். அவரிடம் ஒரே ஒரு சீக்கு. எழுதியதை அடிக்க மாட்டார். ஆள் பேர் பதியும் செக்ரோலில் ஒருத்தன் பெயரைத் தவறாக எழுதிவிட்டால், அவன் சாகும்வரை அந்தப் பெயர்தான். எங்கள் தோட்டத்தில் கோவிந்தன் என்று பிறந்து கோபாலனாக வாழ்ந்தவர் ஒருவர் இருந்தார்.

சண்டைக்கு முன்பே அவர் சுங்கை பட்டாணியில் கல்யாணப் பத்திரிகை அடித்துவிட்டார். மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் 'எம்.ஏ.' என்று கொட்டை எழுத்து. தேதிக்கு மட்டும் இடம் விட்டிருந்தது. படிப்பு முடிந்த மறு முகூர்த்தத்தை அதில் எழுதிக்கொள்வதாக ஏற்பாடு.

"இப்ப கப்பலே இல்லையே, கிராணி ஐயா. பி.ஏ.ன்னு திருத்தி கல்யாணத்தை முடிச்சிடலாமே?" என்று நான் ஒரு தடவை கேட்டேன்.

"அச்சுல ஏறினதைத் திருத்துறதா? நாளைக்கு நாலு பேர் சிரிப்பான், தம்பி."

"நாலு பேருக்கும் சிரிக்கத் தெம்பு இருக்கணுமே, ஐயா."

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார். பேச்சு முடிந்துவிட்டது என்று அர்த்தம்.

மகள் பார்வதி. தகப்பனார் சொல்லைத் தட்டாதவள், ஆனால் தட்டாமலே வலிக்கச் செய்யத் தெரிந்தவள். குழாயடியில் என்னைப் பார்த்தால் குடத்தை இறக்கி வைத்துவிட்டுக் கேட்பாள்.

"மாணிக்கண்ணே, உங்க கூட்டாளி எம்.ஏ. முடிச்சதும் என்னைக் கட்டிக்கப் போறாரா, இல்லே என்னைக் கட்டிக்க வேண்டாம்னு எம்.ஏ.வை முடிக்காம இருக்காரா? கேட்டுச் சொல்லுங்க."

போய்ச் சொன்னேன். தியாகராசன் மண்வெட்டியில் சாய்ந்து நின்று யோசித்தான்.

"ரெண்டும் வேற வேற கேள்வி. தனித்தனியா பதில் சொல்லணும்."

"இதைப் போய் அந்தப் பொண்ணுகிட்ட சொன்னா, குடம் என் தலையிலதான் உடையும்."

இப்படி மாதக்கணக்கில் நான் குழாயடிக்கும் மரவள்ளிக் காட்டுக்கும் நடந்தேன். நடந்த தூரத்தை ஒரே நேர்கோட்டில் நடந்திருந்தால் பினாங்குக்குப் போய்த் திரும்பியிருக்கலாம்.

லாரி

விளையாட்டெல்லாம் லாரி வரும்வரைதான்.

சயாமில் ரயில் பாதை போடுகிறார்கள், சில மாத வேலை, நல்ல சம்பளம் என்று சொல்லி ஆள் எடுத்தார்கள். முதலில் போனவர்கள் பாட்டுப் பாடிக்கொண்டு ஏறினார்கள். அவர்களில் யாரும் திரும்பவில்லை. ஆளும் வரவில்லை, ஆள் சொல்லிவிட்ட சேதியும் வரவில்லை. அப்புறம் பாட்டு நின்றது. லாரி மட்டும் வந்தது.

எங்கள் பக்கத்தில் அப்போது குடும்பக்காரர்களைத் தொடவில்லை. தனி ஆட்களைத்தான் எடுத்தார்கள். அதனால் தனியாள் லயத்தில் அறைகள் ஒவ்வொன்றாகக் காலியாகின. ஒரு காலத்தில் இடத்துக்கு அடித்துக்கொண்ட லயத்தில் நாங்கள் கையை வீசிப் படுத்தோம்.

நானும் தனியாள்தான். ஆனால் எனக்குக் கால் உண்டு. பெரிய சாலையில் லாரி கியர் மாற்றும் சத்தம் கேட்டாலே மரத்துக்குள் போய்விடுவேன். தியாகராசனையும் ஒரு தடவை இழுத்துக்கொண்டு ஓடினேன். வாய்க்காலில் விழுந்தான். விழுந்தவன் எழுந்து, ஓடாமல், கோட்டைப் பிழிந்துகொண்டிருந்தான். அன்று தப்பியது அவன் அதிர்ஷ்டம்; அந்த அதிர்ஷ்டத்தை இரண்டாவது தடவை நம்ப முடியாது.

அவன் பிழைக்க ஒரே வழி கல்யாணம். கல்யாணத்துக்கு ஒரே தடை எம்.ஏ. எம்.ஏ.வுக்குப் பாக்கி என்ன என்று அவனையே கேட்டேன்.

"ஆராய்ச்சியை முடிக்கணும். முடிச்சாச்சு, தலையில இருக்கு. அப்புறம் வாய்மொழித் தேர்வு. மூணு பேர் உட்கார்ந்து கேள்வி கேப்பாங்க. ஒருத்தர் தலைவர். ஒருத்தர் உள்ளூர்க்காரர். ஒருத்தர் கண்டிப்பா வெளியூர்க்காரரா இருக்கணும்."

"கேட்டுட்டு?"

"தலைவர் தீர்ப்பு சொல்லுவார்."

"அடப்பாவி, இது பஞ்சாயத்து!" என்றேன்.

கோழி திரும்பி வந்த கதை

இங்கே எங்கள் தோட்டத்துப் பஞ்சாயத்தைப் பற்றிச் சொல்லியாக வேண்டும்.

அதற்கு இரண்டு சட்டம். ஒன்று, இரு தரப்பும் தலைவர் கையால் வெற்றிலை வாங்கிவிட்டால் தீர்ப்புக்குக் கட்டுப்பட வேண்டும். கிராணியானாலும் சரி, தோட்டியானாலும் சரி. இரண்டு, கூடிய சபை தண்டம் போடாமல் கலையக் கூடாது. கலைந்தால் தோட்டத்துக்கு ஆகாதாம்.

துரை காலத்தில் ஒருவர், தன் கோழியைப் பக்கத்து வீட்டுக்காரர் திருடிவிட்டார் என்று பிராது கொடுத்தார். சபை கூடி, சாட்சி விசாரித்துக்கொண்டிருக்கும்போது அந்தக் கோழியே குஞ்சுகளோடு பெரட்டுக் களத்தைக் கடந்து போனது. எல்லோரும் பார்த்தார்கள். கங்காணி முனியாண்டி கொஞ்சமும் அசரவில்லை. 'பக்கத்து வீட்டுக்காரன் திருடவில்லை. ஆனால் திருடியிருப்பான் என்று ஊர் நினைக்கும்படி நடந்துகொண்டான்' என்று ஒரு தேங்காய் தண்டம் போட்டுச் சபையைக் கலைத்தார்.

நான் இந்த இரண்டாம் சட்டத்தை யோசிக்கவே இல்லை. முதல் சட்டத்தைத்தான் நம்பினேன். கிராணி வெற்றிலை வாங்கிவிட்டால் போதும், பிடித்துவிடலாம்.

கிராணி எளிதில் சம்மதித்தார். மூன்று பேர், வெளியூர்க்காரர், தலைவர் என்று முறை சொன்னதும் அவர் முகம் தெளிந்தது. முறை என்று ஒன்று இருந்தால் அவருக்குப் போதும். முரண்டு பிடித்தவன் தியாகராசன்தான்.

"இது மோசடி. பல்கலைக்கழகம் ஒத்துக்காது."

"சயாம்ல பல்கலைக்கழகம் இருக்காடா?"

கோட்டுப் பொத்தானைத் திருகிக்கொண்டிருந்தான். பிறகு சொன்னான்: "சரி. ஆனா நிஜமா கேள்வி கேக்கணும். பதில் சரியில்லேன்னா ஃபெயில் போடணும். யாரும் எனக்காக இரக்கப்படக் கூடாது."

மாப்பிள்ளைக்கு ரோஷம் வந்துவிட்டது. சாகப் போகிறவனுக்கு வரும் ரோஷம் மாதிரி உலகத்தில் வேறு ரோஷம் கிடையாது.

உப்பு

தலைவர், கங்காணி முனியாண்டி. உள்ளூர்க்காரர், ஆஸ்பத்திரி டிரஸ்ஸர். வெளியூர்க்காரர், கோலா கெத்தில் கடைக்காரர் காதர் பாய். டயர் கிடைக்காத காலம். சைக்கிள் சக்கரத்தில் கயிறு சுற்றி ஓட்டி வந்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

வெற்றிலை கை மாறிற்று. கிராணி கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டார்.

"பிராது கொடுத்தது யாரு?" என்றார் கங்காணி.

பிராது இல்லாமல் சபை நடக்காது. கடைசியில் கிராணி எழுந்து, "நான்தான்னு வச்சுக்குங்க" என்றார்.

"என்ன பிராது?"

"இவர் படிச்சாரா இல்லையான்னு."

அதற்கப்புறம்தான் நான் முதலில் எழுதிய கேள்வி வந்தது. படித்ததை ஒத்துக்கொள்கிறாயா? ஒத்துக்கொண்டான். எத்தனை காலமாக? சொன்னான். யார் தூண்டுதல்? தகப்பனார் என்றான். "பெரியவரை இதுல இழுக்காதே" என்று கங்காணி கண்டித்தார்.

டிரஸ்ஸர்தான் விஷயத்துக்கு வந்தார். "ஆராய்ச்சியில என்ன கண்டுபிடிச்சே? சுருக்கமா சொல்லு."

தியாகராசன் தொண்டையைச் சரிசெய்துகொண்டான்.

"தோட்ட வேலைக்குப் போனா ரேஷன் அரிசி கிடைக்குது. அந்த ஒரு நாளைச் சொந்தப் பாத்தியில போட்டா அதைவிடக் கூடுதலா சாப்பாடு கிடைக்கும். இது இங்க எல்லாருக்கும் தெரியும். தெரிஞ்சும் வேலைக்குத்தான் போறோம். ஏன்? காலையில பேர் கூப்பிடும்போது 'இருக்கேன்'னு சொல்லணும். சொல்லாதவனைப் பத்தி விசாரிப்பாங்க. அந்த பயத்துக்குக் கொடுக்கிற விலை, பாத்தியில நாம விட்ட சாப்பாடு."

பிள்ளையைப் பிடிக்கச் சொன்ன அக்கா, "நான் எப்ப இதைச் சொன்னேன்?" என்று பக்கத்தில் கேட்டாள். "நீ சொல்லலே, அவரு பார்த்திருக்காரு" என்றது பக்கத்துக் குரல்.

ஜெயித்துவிட்டோம் என்று நான் நினைத்தேன். அப்போதுதான் காதர் பாய் கையைத் தூக்கினார்.

"தம்பி, எனக்கு ஒரு கேள்வி. உப்பு விலை ஏன் இப்படி ஏறிக் கிடக்கு?"

"நீங்க ஏத்துனதாலதான்!" என்று கூட்டத்திலிருந்து ஒரு பெண் கத்தினாள். அவ்வளவுதான். களம் பற்றிக்கொண்டது. உப்புக் கண்டு எத்தனை நாளாயிற்று என்று ஆளாளுக்கு எழுந்தார்கள். "வெளியூர்க்காரன்னு கூட்டிட்டு வந்தீங்களே, இவனை முதல்ல விசாரிங்க!" பாய் தொப்பியைக் கையில் எடுத்துக்கொண்டு சைக்கிள் எங்கே நிற்கிறது என்று பார்த்தார்.

தியாகராசன் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். கேள்வி கேட்டால் பதில் சொல்ல வேண்டும் என்பது அவன் நோய்.

"பாய் மேல தப்பில்லே" என்றான் உரக்க.

களம் திகைத்தது.

"உப்பு கோலா மூடா கரையில கடல் தண்ணியைக் காய்ச்சி எடுக்கிறது. அங்கேருந்து இங்க வர்றதுக்குள்ள எத்தனை இடத்துல சோதனை? ஒரு மூட்டை பிடிபடும். ஒரு மூட்டை மழையில கரையும். ஒரு மூட்டை வந்து சேரும். வந்து சேர்ந்த மூட்டைதான் மத்த ரெண்டுக்கும் விலை சொல்லணும். இந்த விலைக்கு விக்கலேன்னா அவர் அடுத்த தடவை போக மாட்டார். அப்ப உப்பே இருக்காது. விலை கூட இருக்கிறது கஷ்டம். விலையே இல்லாமப் போறது அதைவிடக் கஷ்டம்."

காதர் பாய் அப்படியே நின்றார். கண் கலங்கிவிட்டது. "யா அல்லாஹ், என் வீட்டுக்காரிக்குக்கூட நான் இப்படி எடுத்துச் சொன்னதில்லே. நான் பாஸ் போட்டுட்டேன்!" என்றார்.

வெளியூர்க்காரர் பாஸ் போட்டார். உள்ளூர் மொத்தமும் ஃபெயில் போட்டது.

"படிச்சவன் என்னிக்குமே கடைக்காரன் பக்கம்தான்!" "நம்ம பிள்ளையைத் தூக்கிட்டு அவனுக்குப் பேசுறான் பாரு!" நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். உப்புக்கு வக்காலத்து வாங்கி உயிரை விடப் போகிறான்.

தண்டம்

கங்காணி கையை உயர்த்தினார். சத்தம் அடங்கிற்று.

"பையன் படிச்சிருக்கான். அதுல சந்தேகமில்லே. படிக்காதவனா இருந்தா ஊரே ஒரு பக்கம் நிக்கும்போது மறு பக்கம் போய் நிக்க மாட்டான். ஆனா…" வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார். "சபை கூடியாச்சு. தண்டம் இல்லாம கலைய முடியாது. என்ன குத்தம்னு சொல்லுங்க, போட்டுட்டுப் போறேன்."

உப்புக்குப் பேசிய குற்றம் என்றார்கள் சிலர். கோட்டு போட்ட குற்றம் என்றார் ஒருவர். அப்போது பெண்கள் இருந்த பக்கமிருந்து பார்வதி கங்காணியைப் பார்த்து எழுந்து நின்றாள். தலைமுக்காடு கூட விலகவில்லை. குரல் மட்டும் களத்தின் கடைசிவரை போயிற்று.

"பெரியப்பா, பெட்டியில ஒரு கல்யாணப் பத்திரிகைக் கட்டைக் கறையான் தின்னுக்கிட்டிருக்கு. அதுல என் பேரும் இருக்கு. ஒருத்தர் படிச்சு முடிக்கலேங்கிறார். ஒருத்தர் அச்சடிச்சதைத் திருத்த மாட்டேங்கிறார். நடுவுல லாரி வந்துட்டுப் போகுது. இந்தப் பிராதை நான் யார்கிட்ட கொடுக்கிறது?"

கங்காணி முனியாண்டி முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. கடைசியில் ஓர் ஒழுங்கான பிராது! அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"குத்தம் ரெண்டு பேர் மேலேயும் இருக்கு. பொண்ணைக் காக்க வச்ச குத்தம் பையன் மேல. காக்க வச்சதைப் பார்த்துக்கிட்டிருந்த குத்தம் கிராணி மேல. பையனுக்குத் தண்டம், வர்ற வெள்ளிக்கிழமை தாலி கட்டணும். கிராணிக்குத் தண்டம், அன்னிக்கு லயம் பூரா சாப்பாடு."

கிராணி வாயைத் திறந்தார். வெற்றிலை அவர் வாயில்தான் இருந்தது. மூடிக்கொண்டார்.

தியாகராசன் மட்டும் அசையாமல் நின்றான். எனக்குத் தெரியும், என்ன கேட்கப் போகிறான் என்று.

"ஐயா, முதல் வகுப்பா, இரண்டாம் வகுப்பா?"

"என்ன வகுப்பு? நீ இன்னும் பாஸே ஆகலே" என்றார் கங்காணி. "தாலி கட்டு. கட்டினா பாஸ்."

வெள்ளிக்கிழமை

கட்டினான். பொன் இல்லை. மஞ்சள் கயிற்றில் மஞ்சள் கிழங்கு. பத்திரிகையில் கறையான் தின்றது போக மிஞ்சியதில் கிராணியே தேதியை எழுதி, வீடு வீடாகக் கொண்டு போய்க் கொடுத்தார். எம்.ஏ. என்ற எழுத்து பிழைத்திருந்த பத்திரிகைகளை முதலில் கொடுத்தார்.

மரவள்ளி அவியல், மரவள்ளிப் புட்டு, மரவள்ளிப் பாயசம் என்று விருந்து. காதர் பாய் ஒரு பொட்டலம் உப்பு கொண்டுவந்து மணமக்கள் கையில் கொடுத்தார். ஊரே வரிசையில் வந்து இலையில் ஒரு சிட்டிகை வாங்கிக்கொண்டது. வாங்கும்போதும் திட்டிக்கொண்டே வாங்கியது.

அதற்கப்புறம் லாரி வந்த விதம் வேறு. எங்கள் மாதிரி ஓடுகிறவர்களை அவர்களும் படித்திருந்தார்கள். லாரியைப் பெரிய சாலையிலேயே நிறுத்திவிட்டு நடந்து வந்து, விடியலில் பேர் கூப்பிடும் நேரத்தில் களத்தைச் சுற்றி நின்றார்கள். திரும்பிப் பார்த்தேன். எல்லா மரத்துக்குப் பக்கத்திலும் ஒருத்தன்.

சயாமில் பட்டதை இந்தத் தொடரின் ஆரம்ப வாரங்களிலேயே எழுதிவிட்டேன். ஏறின காலையைப் பற்றித்தான் எழுதாமல் வைத்திருந்தேன்.

குடும்பக்காரர்கள் ஒரு பக்கம், தனி ஆட்கள் ஒரு பக்கம் என்று பிரித்தார்கள். தியாகராசன் பார்வதி பக்கத்தில் நின்றான். கோட்டு இல்லாமல் அவனை அடையாளமே தெரியவில்லை. என்னைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வைத்தான். "டேய், சபைத் தீர்ப்பை மீறாதே" என்றேன். பார்வதி அவன் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்திருந்தாள்.

கிராணி செக்ரோலோடு வரிசையாக வந்தார். ஜப்பான்காரனும் மொழிபெயர்ப்பவனும் இரண்டு ஆள் பின்னால். என் முன்னால் நின்றதும் அவர் குனிந்தபடியே, உதடு அசையாமல் சொன்னார்.

"பொண்டாட்டி பேர் ஒண்ணு சொல்லு. எழுதிடறேன். சீக்கிரம்."

எழுதியதை அடிக்காத மனிதர். பொய்யாக ஓர் எழுத்தும் எழுதாத மனிதர். பேனா காகிதத்தைத் தொட்டுக்கொண்டு நின்றது. மை ஒரு புள்ளியாகப் பரவியது.

"ஏதாவது ஒரு பேர்டா. சொல்லு."

பேசியே கெடா மாநிலத்தைக் கடந்தவன் நான். பேச்சால் ஒரு பரீட்சையையும் ஒரு கல்யாணத்தையும் நடத்தி வைத்தவன். உலகத்தில் எத்தனை பெண் பெயர்கள் இருக்கின்றன. அந்த நேரத்தில் என் நாக்கின் நுனிக்கு வந்தது ஒரே ஒரு பெயர். அந்தப் பெயர் வெள்ளிக்கிழமையே வேறு ஒருவர் பெயருக்குப் பக்கத்தில் ஏறிவிட்டது.

"இல்லீங்க, கிராணி ஐயா" என்றேன்.

மொழிபெயர்ப்பவன் பக்கத்தில் வந்துவிட்டான். நான் நடந்து போய் லாரியில் ஏறிக்கொண்டேன்.